உம்மென்று இரைந்த பெட்டி

கல்மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் காம்பவுண்டில் நான்கு குடித்தனம் இருந்தது. நான்குக்கும் சேர்த்து வாய் ஒன்றுதான், அது ரஹீமுன்னிசாவின் வாய் என்று தெருவில் சொல்வார்கள். மீன்காரி பவுனம்மாள் மற்ற வாசல்களில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் விலை சொல்வாள். ரஹீமுன்னிசா வாசலில் மட்டும் கூடை தலையில் இருக்கும்போதே குறைத்துச் சொல்லிவிடுவாள். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட அது மேல்.

அந்த வாய் இல்லையென்றால் சில பேர் பாடு திண்டாட்டம்தான். பக்கத்து வீட்டுத் தாவூது பெண்டாட்டி அஜீசாவின் மேல் கையை ஓங்கினால், ரஹீமுன்னிசா எழுந்துகூடப் போகமாட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே, "இன்னாடா தாவூது, கை நீளுது? அந்தக் கையால நாளிக்கு மூட்ட தூக்கணுமா வேணாமா?" என்பாள். ஓங்கிய கை இறங்கிவிடும். அஜீசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

இவ்வளவு பெரிய குரல், கட்டின புருஷன் ஹுமாயூனுக்கு மட்டும் கேட்காது. அவருக்குக் காது போய்விட்டது.

ஹுமாயூன் துறைமுகத்தில் துரு தட்டுகிற வேலை பார்த்தவர். கப்பல் வந்து நின்றதும் சின்னச் சுத்தியலோடு ஒரு கூட்டம் அதன் வயிற்றுக்குள் இறங்கும். இரும்புச் சுவரில் ஏறிக் கிடக்கும் துருவைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். உதிர்த்த இடத்தில் அன்றைக்கே சிவப்புப் பெயிண்டு அடித்துவிட வேண்டும். கடற்காற்று பொல்லாதது. சுரண்டிய இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டால் மறுநாள் மறுபடி பூத்து நிற்கும். சுரண்டினால் பூசு. அந்த வேலையில் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான்.

மூடிய இரும்புத் தொட்டிக்குள் ஒரு கூட்டமே சுத்தியலால் அடித்தால் காது என்ன ஆகும்? அதிலும் சண்டைக் காலத்தில் கப்பல் மேல் கப்பலாக வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் ஹுமாயூனின் கூட்டம் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. ரஹீமுன்னிசாவும் நகரவில்லை. "குண்டு வுழுந்தா இங்கியே வுழட்டும். சட்டிப் பான தூக்கிக்கினு ஊர் ஊரா அலைய என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டாள். சண்டை முடிந்தபோது அவருடைய காதும் முடிந்திருந்தது. முதலில் பள்ளிவாசல் பாங்கு போனது. அப்புறம் துறைமுகத்துச் சங்கு போனது. கடைசியில் போனது பெண்டாட்டியின் குரல்.

"சங்கு பூட்ட பொறவும் உன் வாய் கேட்டுச்சு ரஹீமா. அத்த நெனச்சுப் பாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

காது கேட்காதவனைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். மேலே இருந்து ஏதாவது விழும்போது 'தள்ளு' என்று கத்தினால் கேட்க வேண்டுமே. அதனால் ஹுமாயூன் வீட்டு வாசலில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டி, வாளி என்று கொண்டு வந்து கொடுப்பதையெல்லாம் சுரண்டிப் பெயிண்டு அடித்துக் கொடுத்தார். கொடுக்காததையும் அடித்தார். துருவைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. மகள் ஜஹானாராவுக்குக் கல்யாணப் பேச்சு முடிக்கப் பழவேற்காட்டுக்குப் போன இடத்தில், சம்பந்தி வீட்டு ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த மனிதர். "மாப்ள வூட்ட பாத்தியா, ஜன்னல பாத்தியா" என்று ரஹீமுன்னிசா திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினாள். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டார். பாதியைக் கைச் சாடையில் கேட்டுக்கொண்டார். அவள் திட்டும்போது வாயை அகலமாகத் திறப்பதால் திட்டுதான் அவருக்கு நன்றாகப் புரியும்.

இப்படி அவர் சுரண்டியதில் ஒன்று தேவப்பிரியத்தின் ஒலிபெருக்கிப் புனல். தேவப்பிரியம் டோல்கேட் பக்கம் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிறவன். சண்டையின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வயர்லெஸ் பழுது பார்த்தவன். கடற்கரைக் கல்யாணம் நாலு முடிந்தால் புனல்கள் துருப்பிடித்துவிடும், அவற்றை ஹுமாயூனிடம் கொண்டு வருவான். ஒருநாள் பெயிண்டு காய்ந்த புனலை அங்கேயே மாட்டிச் சோதித்துப் பார்த்தான். ஹுமாயூன் அதன் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தேவப்பிரியம் மைக்கில் இருமினான். ஹுமாயூன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாவோ கேட்டுச்சே" என்றார்.

காது முழுசாகச் செத்துப்போகவில்லை, பெரிதாக்கிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும் என்று தேவப்பிரியத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய சாமான்களோடு கிடந்த ஒரு ஹெட்போனை வாங்கிவந்தான். இரண்டு காதையும் கப்பென்று மூடிக்கொள்கிற கறுப்புச் சட்டி. கூடவே பிஸ்கட் டின் அளவில் ஓர் இரும்புப் பெட்டி செய்தான். உள்ளே வால்வு, கண்டன்சர், இன்னும் என்னென்னவோ. ஒரு பக்கம் மைக், மறு பக்கம் ஹெட்போன். மைக்கில் பேசினால் பெட்டி அதைப் பெரிதாக்கி அவர் காதில் மட்டும் கொட்டும்.

இது எல்லாம் நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில்தான் ரஹீமுன்னிசாவின் தொண்டை கெட்டுக்கொண்டிருந்தது.

பக்ரீத்துக்கு முன்னால் தொண்டையில் ஏதோ மீன் முள் மாட்டின மாதிரி இருந்தது. அப்புறம் குரல் தடித்தது, கரகரத்தது, நடுவில் நடுவில் விட்டுப்போனது. சுக்குக் கஷாயம், மஞ்சள் பால், அதிமதுரம் எதற்கும் மசியவில்லை. அஜீசாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி இருக்கிறது, குரல் வருகிற பெட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், எடுத்த பிறகு பேச்சு வராது என்றார். கட்டில் காலியானால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

வழியெல்லாம் அஜீசா அழுதாள். "நீ ஏண்டி அழுவற? எனக்கா உனக்கா?" என்றாள் ரஹீமுன்னிசா. அந்தக் கேள்வியே பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது.

தெருவுக்கே தெரிந்துவிட்டது. பவுனம்மாள் பேரமே பேசாமல் கூடையில் இருந்ததில் பெரிய வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொல்லைப் பம்படியில் பெண்கள் இவள் வாயைத் திறந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒரு மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள். அந்தச் சாய்ந்த தலைகளைப் பார்த்தாலே அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தாவூது ஒருநாள் கை ஓங்கியபோது இவள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கத்தினாள். சத்தம் சுவரைத் தாண்டவில்லை. அடி விழுகிற சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

தெரியாதது ஒரே ஒருவருக்குத்தான். ஹுமாயூனுக்குக் குரல் எப்படி இருந்தால் என்ன, அவர் பார்ப்பது உதட்டைத்தானே. உதடு எப்போதும் போல அகலமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பல் வலி என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுக் கிராம்பை எடுத்துக் கொடுத்தார்.

பெட்டி வந்த அன்றைக்கு தேவப்பிரியம் அதைக் கூடத்து அலமாரிப் பலகையில் வைத்தான். பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு செம்புக் கம்பி மண்ணுக்குப் போக வேண்டும், அதற்கு எர்த் என்று பேர். வேண்டாத கரண்டு அந்த வழியாக மண்ணில் இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் பெட்டி இரையும். கொல்லையில் இருந்த அடி பம்பு மண்ணுக்குள் ஆழமாகப் போகிற இரும்பு, அதில் கட்டினால் போதும். ஆனால் கொல்லைப் பக்கம் நான்கு வீட்டுப் பெண்களும் குளிக்கிற, துவைக்கிற இடம். கோஷா வீடு. அந்நிய ஆம்பிளை கால் வைக்கக்கூடாது. தேவப்பிரியம் சுவர் ஓட்டை வழியாகக் கம்பியைக் கொல்லைப் பக்கம் தள்ளிவிட்டு, கூடத்தில் நின்றபடியே சொன்னான்.

"பாயம்மா, பம்பு கழுத்துல துரு, பெயிண்டு ஒண்ணும் இருக்கக் கூடாது. நல்லா சுரண்டிட்டு சுத்தச் சொல்லுங்க. இரும்பும் செம்பும் பச்சையா தொடணும்."

அவள் ஹுமாயூனிடம் கையால் காட்டினாள். இதைச் சுரண்டு, இதைச் சுற்று. அவருக்கா சுரண்டச் சொல்லித்தர வேண்டும்? பம்பின் கழுத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளி மோதிரம் மாதிரி மின்ன வைத்துவிட்டு, கம்பியை இறுக்கிச் சுற்றினார்.

தேவப்பிரியம் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். வால்வு சூடேறியது. "பாய், கேக்குதா?" என்று மைக்கில் கேட்டான்.

ஹுமாயூன் கையை நீட்டி மைக்கை வாங்கித் தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து இருமிப் பார்த்தார். தன் இருமலைக் கேட்டுத் திடுக்கிட்டார். அப்புறம் தட்டை எடுத்து மைக்குக்கு முன்னால் கரண்டியால் தட்டினார். தேங்காயை உடைத்தார். அரிசியைத் தரையில் கொட்டி அதைக் கேட்டார்.

"ரஹீமா, இப்பிடி வா. பேசு" என்றார்.

அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தக் குரலோடு எப்படிப் பேசுவது? இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கஷாயம் குடித்தால் கொஞ்சமாவது தெளியாதா, அப்போது பேசலாம் என்று நினைத்தாள். அவ்வளவு நாள் கழித்துக் கேட்கப்போகிறவர், உடைந்த சட்டியையா கேட்க வேண்டும்?

மறுநாள் முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் தொண்டை கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது. ஹுமாயூன் பெட்டியைப் போட்டு ஹெட்போனை மாட்டினார். உடனே முகம் சுளித்தார்.

"இன்னாது இது, உம்முனு கீது. கப்பல் வவுத்துக்குள்ள டைனமோ ஓடற மாரி."

அவள் மைக்கில் "மச்சான்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "நீ பேசறது எங்கியோ கடலுக்கு அந்தாண்ட கேக்குது. உம்முதான் முன்னாடி நிக்குது."

தேவப்பிரியத்தைக் கூட்டிவந்தார்கள். அவன் மைக் ஒயரைச் சந்தேகப்பட்டான், மாற்றினான். உம்ம். வால்வைப் பிடுங்கி வேறு வால்வு சொருகினான். உம்ம். கண்டன்சர் காய்ந்துபோயிருக்கும் என்று அதையும் மாற்றினான். பெட்டியைக் கரண்டு மீட்டரிலிருந்து தள்ளி வைத்தான். கூடத்து பல்பை அணைத்துப் பார்த்தான். ஹுமாயூன் ஹெட்போனோடு நடுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். ஒரு தடவை தேவப்பிரியம் பெட்டியின் இரும்பு மேல் உள்ளங்கையை வைத்ததும், "ஆ, இப்ப அடங்குது" என்றார் அவர். கையை எடுத்ததும் "எகிறுது" என்றார்.

"கை வெச்சா அடங்குதுன்னா எர்த்து சரியில்லனு அர்த்தம். கம்பி அவுந்துச்சா பாருங்க" என்றான் தேவப்பிரியம்.

அஜீசா கொல்லைக்குப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா டைட்டா கீது. அறுக்கணும்னா கூட கத்தி வேணும்."

"அப்ப அது இல்ல" என்று அவன் தலையைச் சொறிந்தான். மறுபடி பெட்டியைத் திறந்து உள்ளே குடைந்தான். அவனுக்கும் பேஜாராகிவிட்டது. தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தால் பெட்டி அமைதியாக இருந்தது, இங்கே கொண்டு வந்தால் இரைந்தது. "உங்க வூட்டு ராசி பாயம்மா" என்றான்.

"எங்க வூட்டு ராசிக்கு ஒரு கொறச்சலும் இல்ல. உன் கை ராசியப் பாரு" என்றாள் அவள். அவன் சிரிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுமா என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த இரைச்சல் தீராமலே நாள் போனது. மற்ற நேரமாக இருந்தால் ரஹீமுன்னிசா தேவப்பிரியத்தை உண்டு இல்லையென்று பண்ணியிருப்பாள். இப்போது உள்ளுக்குள் ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. உம் இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்காததற்குப் பெட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருப்பார். இன்னொரு பக்கம், வெட்டி எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தரமாவது இந்தக் குரல் அவர் காதில் விழாமலே போய்விடுமா என்று இருந்தது. இரண்டையும் யாரிடம் சொல்வது? வாயில் அதிமதுரத்தை அடக்கிக்கொண்டு சோறாக்கினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் வந்து சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குடத்தோடு பம்படிக்குப் போனாள். குடத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தவள் அடிக்காமல் நின்றாள். பம்பு தலையிலிருந்து கால் வரை செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு கோட் அடித்த கப்பல் பெயிண்டு. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஹுமாயூன் பெயிண்டு அடிக்காத இரும்பு அந்தக் காம்பவுண்டில் எது, அதை யார் கவனித்துப் பார்த்தார்கள்?

கழுத்தில் கம்பி சுற்றியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். கம்பியை அவிழ்த்து, மின்னிக்கொண்டிருந்த அந்த வெள்ளை இரும்பின் மேல் நன்றாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பழையபடி இறுக்கிச் சுற்றியிருந்தார். போதாததற்கு முடிச்சின் மேலேயும் ஒரு கை. கம்பிக்கும் பம்புக்கும் நடுவில் மொத்தமாகப் பெயிண்டு. எங்கேயும் எதுவும் தொடவில்லை.

பெட்டி வந்த மறுநாள் பகல் முழுக்க அவர் கொல்லைப் பக்கம் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. காது வந்த சந்தோஷத்தில் ஏதோ வேலை பார்க்கிறார் என்று விட்டுவிட்டாள். சுரண்டின இரும்பைக் கடற்காற்றில் அம்மணமாக விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வருமா? கப்பலில் அப்படி விட்டால் மேஸ்திரி செருப்பைக் கழற்றுவான். தேவப்பிரியம் சொன்னதில் 'பெயிண்டு கூடாது' என்பதை இவள் கையால் காட்டவில்லை. சுரண்டு, சுற்று என்றுதான் காட்டினாள். அவரே தன் கையால், தன் தொழிலின்படி ஒழுங்காக, தன் காதை அடைத்து வைத்திருந்தார்.

இதைப் பார்த்தது அவள் மட்டும்தான். பேசாமல் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடலாம். நாளைக்கு ஆஸ்பத்திரி. வந்த பிறகு பேச்சே இல்லை, யார் எதைக் கேட்கப்போகிறார்கள்? பல் பிடுங்கப் போன இடத்தில் தப்பாகிவிட்டது என்று யாரையாவது சொல்லச் சொன்னால் போச்சு. அந்த உடைந்த குரல் அவருக்குத் தெரியவே தெரியாது. காது போவதற்கு முன்னால் கேட்ட குரலோடு அவர் பாட்டுக்கு இருந்துவிடுவார்.

குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்து பம்பின் கழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

வாசலில் இருந்த ஹுமாயூன் எதற்கோ கொல்லைப் பக்கம் வந்தவர், பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இன்னா பண்ற? ரெண்டு கோட் அடிச்சு வெச்சு கீறேன், தோசத் திருப்பியால சுரண்டற. பைத்தியமா உனக்கு?"

அவள் கம்பியைக் காட்டினாள். காதைக் காட்டினாள். பெயிண்டைக் காட்டி, குறுக்கே கையை வெட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, அவள் கையிலிருந்து திருப்பியைப் பிடுங்கி, "தள்ளு, உனக்கு வராது" என்று அவரே சுரண்டினார். கம்பியையும் உரசி மினுக்கி, மறுபடி சுற்றினார். உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பூடுச்சி ரஹீமா. சுத்தமா பூடுச்சி. வா, பேசு."

தேவப்பிரியம் வரட்டும் என்று காட்டினாள். கடைசி நேரத்தில் கால் பின்னுக்கு இழுத்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் தேவப்பிரியம் சட்டைப் பையில் ஒரு புது வால்வோடு வந்தான். பம்புக் கதையைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து சிரித்தான். "நான் பெட்டிய நாலு தபா பிரிச்சேன் பாய். பட்டாளத்துல கூட இவ்ளோ வேல பாக்கல" என்றான். மைக்கை எடுத்து, "காசிமேட்ல இன்னிக்கு மத்தி மலிவு, கேக்குதா?" என்றான்.

"கண்ணாடி மாரி கேக்குது" என்றார் ஹுமாயூன்.

மைக் ரஹீமுன்னிசாவின் கைக்கு வந்தது. அவள் அதிமதுரத்தைத் துப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று நாட்கணக்காக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"மச்சான், கஞ்சி குடிச்சியா?" என்றாள்.

ஹுமாயூன் தலையை ஒரு பக்கம் திருப்பினார். ஹெட்போனைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டி மறுபடி மாட்டினார். "இன்னொரு தபா சொல்லு."

"கஞ்சி குடிச்சியான்னு கேட்டேன்."

"தேவு, உம்மு பூடுச்சி நைனா. ஆனா வேற ஒண்ணு கீது. கரகரன்னு, மணல் சலிக்கிற மாரி. நீ பேசறப்போ இல்ல. இவ பேசறப்போ மட்டும் வருது. அத்தையும் எடுத்துடு. அதுக்கு மேல உன்ன ஒண்ணும் கேக்கமாட்டேன்."

தேவப்பிரியம் ரஹீமுன்னிசாவைப் பார்த்தான். உடனே பெட்டியின் பக்கம் குனிந்துகொண்டான். "அது வந்து, வால்வு இன்னும் சூடாவல பாய். இதோ புதுசு கொணாந்துகீறேன், மாத்திட்டா..." என்று முணுமுணுத்தபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எதையோ திருகினான். அவன் திருகியது மூடியின் ஸ்க்ரூ. பெட்டியை அவன் திறந்து மூடியதை அத்தனை தடவை பார்த்திருந்தாளே, அவளுக்குத் தெரியாதா?

"தம்பி, மூடிய எதுக்குத் திருவற? கைய எடு" என்றாள். அப்புறம் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். "மச்சான், பொட்டில ஒண்ணும் இல்ல. அது என் தொண்ட."

ஹுமாயூன் அவளுடைய உதட்டைப் பார்த்தார். கேட்டது சரிதானா என்று பார்ப்பது போல இருந்தது.

"உள்ள கட்டி வந்துகீது. நாளிக்கு ஆஸ்பத்திரில சேந்தா அறுத்து எடுக்கப் போறாங்கோ. எடுத்தா பேச்சு வராது. பல்லு கில்லு ஒண்ணும் இல்ல. அது பொய்யி."

ஹுமாயூன், "எப்போலேருந்து?" என்றார்.

"பக்ரீத்துக்கு முன்னயிருந்து."

"அஜீசாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஜஹானாராவுக்கு?"

"சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

"மீன்காரிக்கு?"

"அவளுக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தத்தின் அளவு தெரியாது. அவர் கேட்டது காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. கொல்லையில் யாரோ பம்பு அடித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

அவள் பதிலை மைக்கில் சொன்னாள். பக்கத்தில் இருந்த தேவப்பிரியத்துக்குக்கூட அது சரியாகக் கேட்டிருக்காது, அவ்வளவு காற்றாகிப் போயிருந்தது குரல்.

"நான் வாயத் தொறந்தா எல்லாம் மவுத்து வூட்டுல துக்கம் கேக்க வந்த மாரி பாக்குதுங்கோ. நீ ஒருத்தன்தான் பழய மாரியே பாத்துக்கினு இருந்த. அதான் சொல்லல."

ஹுமாயூன் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தேவப்பிரியம் புது வால்வை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். அவன் போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"பேசாத. நோவப் போவுது" என்றார் அவர் தலையைத் தூக்காமலே.

"மிச்சம் வெச்சு இன்னா பண்ணப் போறேன்?"

அவள் பேசினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. கருவாடு எந்தப் பானையில் இருக்கிறது, அதை எறும்பு மொய்க்காமல் எப்படி மூட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்தால் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், தொண்டை வழியாக இறங்காது, குழாயில் ஊற்றுவார்களாம். தாவூது கை ஓங்குகிற சத்தம் இவருக்குக் கேட்காது, ஆகவே அஜீசா இந்தப் பக்கச் சுவரைத் தட்டினால் தெரிகிற மாதிரி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், தெரிந்ததும் எழுந்து போய் வாசலில் நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம். ஜஹானாரா வந்தால் அழவிடக்கூடாது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் குரல் அறுந்து போகும், தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

"சரி" என்றார் ஹுமாயூன் ஒவ்வொன்றுக்கும். கொஞ்சம் போன பிறகு சரி சொல்வதை நிறுத்திவிட்டார். "கேக்கல. இன்னொரு தபா சொல்லு" என்றார்.

கேட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கருவாட்டுப் பானையை மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.